தாழ்ப்பாள் போட்டது யார்

சத்தம் நின்றுவிட்டது. பக்கம் புரளும் சத்தத்தைத்தான் சொல்கிறேன், கீழே தெருவில் தண்ணி லாரி ஹார்ன் அடிப்பதும் மேல் வீட்டில் எவரோ சுவரில் ஓட்டை போடுவதும் நிற்கவில்லை, அதெல்லாம் இந்த வடவள்ளியில் என்றைக்கு நின்றது, ஆனால் உள்ளறையில் என் அண்ணன் மகள் சம்யுக்தா என் நாவலைப் படித்துக்கொண்டிருந்தாளே, அந்தச் சரக் சரக் நின்றுவிட்டது. தூங்கிவிட்டாளோ. தூங்கட்டும், ப்ளஸ் ஒன் படிக்கிற பிள்ளை, காலாண்டுப் பரீட்சை எழுதிக் களைத்து அத்தை வீட்டுக்கு லீவுக்கு வந்திருக்கிறது, தூங்கினால் என்ன குடி முழுகிப் போகும். முழுகித்தான் போகும். அவள் வயசுக்காரர்களுக்காகத்தான் மூன்று வருஷமாக உட்கார்ந்து எழுதினேன், அவளே தூங்கிவிட்டால் அப்புறம் யார் விழித்திருந்து என்ன. சரி, வெங்காயத்தை நறுக்கு கோகிலா. அரிசிம்பருப்பு சாதத்துக்குச் சின்ன வெங்காயம்தான் ருசி, பெரிய வெங்காயத்தைப் போட்டால் இனிப்பு தட்டிவிடும், பூண்டைத் தட்டிப் போட வேண்டும், நறுக்கக் கூடாது. எனக்கொன்றும் பதற்றமில்லை. எட்டிப் பார்க்கலாம்தான், அடுப்படியிலிருந்து நாலு எட்டு வைத்தால் அறை, ஆனால் எழுதினவள் எட்டிப் பார்ப்பது பரீட்சை ஹாலில் வாத்தியார் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கிற மாதிரி, தெரிந்த விடைகூட மறந்துபோகும். ஆ, சரக். புரட்டிவிட்டாள். தூங்கவில்லை. ஒரே பக்கத்தில் அவ்வளவு நேரம் இருந்திருக்கிறாள். எந்தப் பக்கமாக இருக்கும். மழையில் பாரி மொட்டை மாடியில் நிற்கிற பக்கமாக இருந்தால் இந்த வெங்காயத்தை வைத்துவிட்டு இங்கேயே ஒரு குதி குதிப்பேன், கீழ் வீட்டுக்காரர் கேட்டால் எலி என்று சொல்லிக்கொள்ளலாம்.

கதை பெரிய கதையெல்லாம் இல்லை. ஒரு பள்ளிக்கூடம், ஒரு மொட்டை மாடி, ஒரு மழைச் சாயங்காலம். பாரி என்கிற பையன் மாடியில் இருக்கும்போது யாரோ கதவை வெளிப்பக்கம் தாழ் போட்டுவிடுகிறார்கள். அவன் நனைந்து, கத்தி, தொண்டை கட்டி, காய்ச்சலில் விழுந்து, பிழைத்து வேறு பள்ளிக்கூடம் போய்விடுகிறான். அதை நமக்குச் சொல்கிறவன் அவனுடைய சிநேகிதன் எழிலன். தாழ்ப்பாள் போட்டது யார் என்று எழிலன் நாவல் முழுக்கத் தேடுகிறான். யார் என்று நாவலில் எங்கேயும் ஒரு வரி கிடையாது. ஆனால் கவனித்துப் படித்தால் தெரியும், கதை சொல்கிற எழிலனேதான் போட்டான், போட்டுவிட்டு அதை நம்மிடம் மட்டுமா, தன்னிடமே மறைத்துக்கொண்டு திரிகிறான். இதுதான் நாவல். இதைத்தான் பதிப்பாளர் நாச்சிமுத்து சார் படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க, இல்லீங்கல, ஆனா பசங்களுக்குப் புரியோணுமல்லங்? கடைசியில ஒரு அத்தியாயம் வெச்சு யாருன்னு சொல்லிப்போடுங்க, பசங்களும் தெளிஞ்சுக்குவாங்க, ஸ்கூல் லைப்ரரிக்காரங்களும் வாங்குவாங்க" என்றார். நல்ல மனுஷர். அவர்மேல் கோபப்படக்கூட முடியாது, கோபப்பட்டால் "அட விடுங்க, முதல்ல ஒரு டீ குடிக்கலாம்" என்பார். அவர் சொன்னபடி ஒரு அத்தியாயம் எழுதி அவருக்கு அனுப்பியும் வைத்துவிட்டேன். பள்ளி வாட்ச்மேன்தான் தெரியாமல் தாழ் போட்டாராம், எழிலனிடம் அவரே வந்து சொல்லி அழுகிறாராம், எழிலன் அவரைக் கட்டிக்கொள்கிறானாம், மழை விடுகிறதாம், சுபம். எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதினேன், நோன்புக்கு மாவிடிக்கிற மாதிரி. இன்றைக்கு மத்தியானம் அவர் போன் பண்ணுவார். அந்த அத்தியாயத்தோடு அச்சுக்குப் போவதா, இல்லாமல் போவதா, நான் சொல்ல வேண்டும். சேர்த்தால் மூன்று வருஷமாகக் கட்டிய வீட்டுக்கு நானே கொள்ளி வைத்த மாதிரி. சேர்க்காவிட்டால், அவர் சொல்வது நிஜமாகவே நிஜமாக இருந்தால், ஒரு பிள்ளைக்கும் புரியாத புத்தகம் ஒன்று குடோனில் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் சம்யுக்தா. அந்த அத்தியாயம் இல்லாமல் மிச்சத்தை மட்டும் ஸ்பைரல் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அவளுக்கு எதற்கென்று சொல்லவில்லை. படித்து முடித்துவிட்டு "அப்புறம் என்னாச்சுங்க அத்தை?" என்று கேட்டாளானால் சேர்த்துவிடுவேன். கேட்காமல் வேறு ஏதாவது சொன்னால், என்ன சொல்வாள், எது சொன்னாலும் சரி, அந்தக் கேள்வியை மட்டும் கேட்காமல் இருந்தால் போதும்.

குக்கர் கத்துகிறது. கத்தட்டும். இந்தத் தலைமுறைக்குப் பொறுமை இல்லை என்கிறார்கள், யார் சொன்னது, ஒரு விரல் நீளக் காணொளியை நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி பார்த்து, பின்னணியில் நடந்து போகிற ஆளின் சட்டை மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்கிற பிள்ளைகள். நேற்று சம்யுக்தா ஏதோ ஒரு சீரியலில் ஒரு காட்சியில் வலது கையில் இருந்த வாட்ச் அடுத்த காட்சியில் இடது கைக்குப் போய்விட்டது என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்தக் கண் புத்தகத்தின்மேல் விழ வேண்டும், அவ்வளவுதான் என் பேராசை. விழ வேண்டுமென்றால் விழுவதற்கு ஏதாவது வைக்க வேண்டுமல்லவா. எல்லாவற்றையும் பிசைந்து வாயில் ஊட்டினால் பல் எதற்கு. பொள்ளாச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள், இளையோர் கதையில் என்னென்ன செய்தால் பிள்ளைகள் ஊன்றிப் படிப்பார்கள் என்று. சொன்னேன். சொல்லாமல் விடுங்கள், அவன் அழுதான் என்று எழுதாதீர்கள், அவன் செருப்பைத் தப்பான காலில் மாட்டிக்கொண்டு போனான் என்று எழுதுங்கள் என்றேன். கதை சொல்கிறவனையே சந்தேகப்பட வையுங்கள் என்றேன். ஒரு சின்ன விஷயத்தை மூன்று இடத்தில் போட்டுவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போங்கள், முதல் தடவை பார்க்க மாட்டார்கள், இரண்டாம் தடவை உறுத்தும், மூன்றாம் தடவை நிமிர்ந்து உட்கார்ந்து திரும்பப் பின்னால் புரட்டுவார்கள், அந்தப் புரட்டல்தான் படிப்பு என்றேன். எனக்கே புல்லரித்தது. முடிந்ததும் முன்வரிசையில் ஒரு ஆசிரியை எழுந்து, "ரொம்ப நல்லாருந்துச்சுங்க மேடம், நீங்க எழுதிட்டிருக்கற நாவல்ல மாணவர்களுக்கு நீதி என்னங்க மேடம்?" என்றார். கதவைத் தாழ் போடாதே என்பதுதான் நீதி என்று சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்டு வந்தேன். இப்போது நினைத்தாலும் சிரிப்புத்தான் வருகிறது, அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, மையக்கருத்து ஐந்து மதிப்பெண் என்று கேட்கிறவர்களிடம் மையமே இல்லாத கதையைக் கொண்டுபோய் நீட்டினால் பாவம் என்ன செய்வார்கள். சம்யுக்தாவும் அந்தச் சந்தையில் வாங்கிய சரக்குத்தானே. பென்சில் வைத்துக்கொண்டு அடிக்கோடு போட்டுக்கொண்டிருப்பாளோ. முக்கிய வினா, முக்கிய வினா என்று ஓரத்தில் எழுதிக்கொண்டிருப்பாளோ.

பர்ர்ர்ர். அய்யோ. இது ஒரு பக்கம் புரள்கிற சத்தம் இல்லை, கொத்தாகப் பத்து இருபது பக்கம் ஒன்றாகப் போகிற சத்தம். தாண்டுகிறாள். அலுத்துப்போய் முடிவைப் பார்க்கத் தாண்டுகிறாள். மறுபடி பர்ர்ர். ஒரே தாவலில் தாவினால் போதாதா, தவணை முறையில் வேறு தாவ வேண்டுமா. நான் மட்டும் யோக்கியமா, அவள் வயசில் துப்பறியும் கதைகளை எல்லாம் கடைசிப் பக்கத்திலிருந்துதானே ஆரம்பித்தேன், கொலைகாரன் யார் என்று தெரிந்துகொண்டால்தான் நிம்மதியாகப் படிக்க முடியும் என்று அண்ணனிடம் வாதாடியிருக்கிறேன், அந்த ரத்தம்தானே அவளுக்கும். போகட்டும். எனக்கொன்றும் வருத்தமில்லை, பருப்பு குழைந்திருக்கிறது, மேலே நெய்யை விட்டு மூடி வைத்தால் மணம் உள்ளேயே இருக்கும், கத்திரிக்காய்க்கு மட்டும் கொஞ்சம் மிளகாய்ப் பொடி தூக்கலாகப் போட வேண்டும். நாச்சிமுத்து சார் சொல்வதுதான் சரியோ என்னவோ. அந்த அத்தியாயத்தையே இன்னொரு தரம் எடுத்துப் படித்துப் பார்க்கலாம், அவ்வளவு மோசமாக இருக்காது, நானும் எழுதத் தெரிந்தவள்தானே. எங்கே வைத்தேன். ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்தேன், சார்ஜருக்குப் பக்கத்தில், பிரிண்ட் எடுத்து ஓரத்தில் பின் அடித்து, கரண்ட் பில்லுக்கு அடியில். கரண்ட் பில் இருக்கிறது. சார்ஜர் இல்லை. அத்தியாயமும் இல்லை. காலையில் சம்யுக்தா சார்ஜர் எங்கேங்க அத்தை என்று கேட்டாள், ஃபிரிட்ஜ் மேல பாரு கண்ணு என்று நான்தான் சொன்னேன், என் வாயால் நானே சொன்னேன். நாவலை எழுதினவள், முடிவை ஒளித்து வைக்கத் தெரிந்தவள், மூன்று வருஷம் வார்த்தைக்கு வார்த்தை ஒளித்தவள், அந்த முடிவைக் கொண்டுபோய் சார்ஜர் பக்கத்தில் வைத்திருக்கிறேன் பாருங்கள், இந்த வீட்டில் பதினாறு வயசுப் பெண் கண்டிப்பாகக் கை வைக்கிற ஒரே இடத்தில். எடுத்துக்கொண்டுபோய்ப் படித்திருக்கிறாள். அந்தக் கொத்துப் பக்கம் அதுதான், முடிவு தெரிந்துவிட்டது, இனிமேல் எதற்கு என்று புரட்டித் தள்ளியிருக்கிறாள். வாட்ச்மேன் என்று இந்நேரம் மனசில் பதிந்திருக்கும். பதிந்ததை எந்த ரப்பர் போட்டு அழிப்பது. அடுப்பை அணைத்துவிட்டேன். ஒரு புத்தகம்தானே என்று யாராவது சொன்னால் அவர்களுக்குக் கத்திரிக்காய் கிடையாது.

"அத்தை." வாசற்படியில் நிற்கிறாள். ஒரு கையில் ஸ்பைரல் போட்ட நாவல், பக்கங்களுக்கு நடுவே பல இடங்களில் விரல், கிளிப், தலை சீப்பு, பஸ் டிக்கெட் எல்லாம் அடையாளமாகச் செருகி அது பலாப்பழம் மாதிரி இருக்கிறது. இன்னொரு கையில் பின் அடித்த அந்த அத்தியாயம். "இது ஃபிரிட்ஜ் மேல இருந்துச்சுங்க அத்தை. ஸ்பைரல்ல விட்டுப்போச்சாட்டம் இருக்குதுன்னு எடுத்துட்டுப் போயிட்டேன்." "படிச்சிட்டயா கண்ணு?" "படிச்சிட்டேன்." என் முகம் எப்படிப் போயிற்றோ, அவள் கிட்டத்தில் வந்து, "உங்களுக்கு என்னாச்சுங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல சாமி, வெங்காயம். சொல்லு. என்ன நெனைக்கற?" அவள் சுவரில் சாய்ந்துகொண்டு நகத்தைக் கடித்தாள். அந்த நகக்கடிக்குள் எனக்கு அறுபது வயசாகிவிட்டது. அப்புறம் சொன்னாள், "செம கேடிங்க அத்தை அவன்." "யாரு, வாட்ச்மேனா?" "வாட்ச்மேன் பாவம், அவரு என்ன பண்ணுனாரு? எழிலனைச் சொல்றேன். அத்தனையும் பண்ணிப்போட்டுக் கடைசியில வாட்ச்மேன் தலையில கட்டறான் பாருங்க. அவருதான் வந்து சொன்னாருன்னு இவன்தான சொல்றான், வேற யாராச்சும் பாத்தாங்களா? சுத்தப் பொய்யுங்க. மொதல்ல நானும் நம்பிட்டேன். அப்புறம் தேங்காய் பன்னு வந்துச்சு." "தேங்காய் பன்னா?" "ஆமா, வாட்ச்மேன் அழுதுட்டே இவனுக்குத் தேங்காய் பன்னுல பாதி பிச்சுக் குடுக்கறாராம், உள்ளார டூட்டி ஃப்ரூட்டி செவப்பாப் பச்சையா இருந்துச்சாம், விரல்ல சர்க்கரை ஒட்டுச்சாம். யாரு அத்தை அழுகறப்ப டூட்டி ஃப்ரூட்டி பாப்பாங்க? உடனே பின்னாடி போய்ப் பாத்தேன். இவன் எப்பெல்லாம் பொய் சொல்றானோ அப்பெல்லாம் திங்கறதைப் பத்திப் பேசறானுங்க. ஹெச்.எம். கேக்கறப்ப நான் கேன்டீன்ல இருந்தேங்கறான், கேன்டீன் முட்டை பப்ஸைப் பத்தி அரைப் பக்கம். பாரியோட அம்மாகிட்டப் பேசறப்ப எலுமிச்சை சாதம். அந்த மழை அன்னிக்கு தள்ளுவண்டிக் கடையில ஒரு தட்டுக் காளான், வெங்காயம் எத்தனை தூவுனாங்கங்கற வரைக்கும். உண்மை சொல்ற எடத்துல ஒரு கடலை முட்டாய்கூடக் கெடையாது. எல்லாத்துலயும் அடையாளம் வெச்சிருக்கேன், காட்டட்டுங்களா?"

காட்டினாள். சீப்பு ஒரு பொய், கிளிப் ஒரு பொய், பஸ் டிக்கெட் ஒரு பொய். ஒவ்வொன்றாகப் புரட்டிப் புரட்டிக் காட்டினாள், கொத்துக் கொத்தாகப் பர்ர்ர் என்று, பின்பக்கமாக, அடக் கடவுளே, பின்பக்கமாகத்தான் புரட்டியிருக்கிறாள், அவள் தாண்டவே இல்லை, திரும்பித் திரும்பிப் போயிருக்கிறாள். இந்தப் பொய்யும் சாப்பாடும் நான் வைத்ததுதான். மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை, நாச்சிமுத்து சார் பார்க்கவில்லை, மெய்ப்புப் பார்த்தவர் பார்க்கவில்லை, அந்தப் பொள்ளாச்சி டீச்சரிடம் கொடுத்திருந்தால் அவரும், பாவம், பார்த்திருக்க மாட்டார். இவள் பார்த்துவிட்டாள். அதுகூடப் பரவாயில்லை என்று வையுங்கள், அந்தத் தேங்காய் பன்? அதை நான் வைக்கவில்லை. சத்தியமாக வைக்கவில்லை. அந்த அத்தியாயத்தை நான் பல்லைக் கடித்துக்கொண்டு சீக்கிரம் முடித்தால் போதும் என்று எழுதினேன், எழிலனை யோக்கியனாக்கி, வாட்ச்மேனைக் குற்றவாளியாக்கி, மனசுக்கு ஒப்பாத பொய்யை எழுதினேன், எழுதுகிற கை மட்டும் பழக்கதோஷத்தில் பொய்க்குப் பக்கத்தில் ஒரு பன்னைக் கொண்டுவந்து வைத்துவிட்டது. மூன்று வருஷம் ஒருத்தன் குரலில் எழுதினால் அவன் சீக்கு நமக்கும் ஒட்டத்தானே செய்யும். நாவலைக் கொல்லப் போகிறது என்று நான் நினைத்த அத்தியாயம் அந்தப் பையனின் ஆகப் பெரிய பொய்யாகப் போய்க் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது, சேர்த்தால்தான் நாவலே முழுசு, அது இல்லாவிட்டால் ஒரு பல் குறை. வேறு எவளும் இப்படி ஒரு தப்பைச் செய்து பிழைத்திருக்க மாட்டாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, சந்தோஷத்தில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அவளைக் கட்டிக்கொண்டேன், அவள் சுடிதாரில் பருப்பு ஒட்டியது, "அய்யோ அத்தை, புதுசுங்க" என்று கத்தினாள். யார் சொன்னது புரியாது என்று, யார் சொன்னது.

போன் அடிக்கிறது. நாச்சிமுத்து சார். ஸ்பீக்கரில் போட்டேன். "ஏனுங் கோகிலாம்மா, என்ன முடிவு பண்ணுனீங்?" "கடைசி அத்தியாயத்தைச் சேத்திக்கலாமுங்க சார்." "அப்பாடா," என்றார், அவர் நாற்காலியில் சாய்ந்தது இங்கே கேட்டது, "ராத்திரி நல்லாத் தூக்கமே இல்லீங் எனக்கு, எழுதறவங்க மனசு நோகப்படாதல்லங். ஆனா பாருங்க, அந்த அத்தியாயம் வந்ததும் எல்லாம் தண்ணியாட்டத் தெளிஞ்சுபோச்சு." "ஒரு எழுத்துகூட மாத்தீராதீங்க சார், அந்த வாட்ச்மேன் சீன் அப்படியே இருக்கட்டும்." "மாத்துவனுங்களா! அந்தப் பன்னைப் பிச்சுக் குடுக்கற எடம் இருக்குதுங்களே, படிச்சு எனக்கே கண்ணு கலங்கிருச்சு." நான் சம்யுக்தாவைப் பார்க்கவில்லை, பார்த்தால் தீர்ந்தது. சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அடுத்த நொடி அட்டைக்குப் பின்னால் அதை விளக்கி நாலு வரி போடச் சொல்வார், நல்ல மனுஷர், போட்டும் விடுவார். அவரும் என்றைக்காவது திரும்பப் படிக்கட்டும், புத்தகம் எங்கே ஓடிப்போகிறது. "இன்னொண்ணுங்," என்றார், "பசங்க யாராச்சும் படிச்சுப் பாத்தாங்களா? அவங்களுக்குப் புரியுதுங்களா?" "என்ற அண்ணன் பொண்ணு இப்பத்தானுங்க படிச்சு முடிச்சா. நீங்களே கேளுங்க." போனை நீட்டினேன். அவள் வாங்கி, துப்பட்டாவைச் சரிசெய்து, பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றுகொண்டாள். "வணக்கமுங்க சார். நல்லாப் புரிஞ்சுதுங்க சார். கடைசி அத்தியாயம் இருக்கறதாலதான் புரிஞ்சுதுங்க. வாட்ச்மேன்தானுங்க சார் தாழ் போட்டது, எழிலன் மேல ஒரு தப்பும் இல்லீங்க." அந்தப் பக்கம் அவர் குரல் குழைந்தது, "அப்படிச் சொல்லு கண்ணு, உன்னையாட்டப் பசங்களுக்குத்தான இத்தனை பாடு." சம்யுக்தா என்னைப் பார்த்தாள், கண் இரண்டும் பளபளவென்று இருந்தது, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. "ஆமாங்க சார்," என்றாள், "இங்க அத்தை வீட்ல இன்னிக்கு அரிசிம்பருப்பு சாதமுங்க, மேல நெய் ஊத்தி, தொட்டுக்க கத்திரிக்காய், அப்பளம் வேற பொரிக்கப் போறாங்க சார்." நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடுகிறேன்.